முள்ளெடுத்த கை

சூடை மீனில் முள்ளெடுப்பது எங்கள் கல்முனையில் ஒருவரும் மினக்கெடாத வேலை. பாரையில் எடுப்பார்கள், அறக்குளாவில் எடுப்பார்கள். சூடையின் முள் தலைமயிரைப் போல மெல்லியது. பல் உள்ளவர் மென்று விழுங்குவார், பல் இல்லாதவர் அந்த மீனைத் தொடமாட்டார். என் சாச்சி, உம்மாவின் தங்கை ஸுல்பிகா மட்டும் சூடையில் முள்ளெடுப்பார். அவித்த மீனைத் தட்டில் பரப்பி, பெருவிரல் நகத்தால் முதுகைக் கீறி, நடுமுள்ளை ஒரே இழுப்பில் தூக்கிவிடுவார். மிச்சத்தைக் கண்ணால் தேடமாட்டார். பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரல் நுனியால் சதையைத் தடவிக்கொண்டே போவார். முள் இருந்தால் விரல் நின்றுவிடும்.

அந்தப் பழக்கம் சாச்சாவால் வந்தது. சாச்சியின் கணவர், சாச்சா பக்கீர் முகைதீன், நெல் ஆலையில் மூட்டை தைப்பவர். எழுபத்தெட்டாம் ஆண்டு நொவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரை வளை முறிந்து அவர் பிடரியில் விழுந்தது. உயிர் தப்பியது. ஆனால் உடம்பின் ஒரு பக்கம் செத்துப்போனது, விழுங்குவதும் கடினமாகிவிட்டது. படுக்கையில் விழுந்த முதல் மாதமே, சோற்றோடு போன ஒரு முள் தொண்டையில் சிக்கி முகம் நீலம் பாரித்துவிட்டது. சாச்சி இரண்டு விரல்களை உள்ளே விட்டு இழுத்தெடுத்தார். அந்த முள்ளை அவர் எறியவில்லை. ஒரு தீப்பெட்டியில் போட்டு அலுமாரித் தட்டில் வைத்தார். அதன்பின் பதினேழு மாதம், ஒரு முள்கூட அந்த மனிதரின் வாய்க்குள் போகவில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எண்பதாம் ஆண்டு மே மாத நடுவில், சாச்சா தூக்கத்திலேயே மௌத்தானார். சாச்சி இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. எங்கள் பக்கத்தில் அவளுடைய குரலும் வெளி ஆணின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் ஏழு நாளும் வீடு கொள்ளாத பெண்கள். ஏழாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதி முடிந்ததும் பாய்களைச் சுருட்டினோம். இரண்டாம் கிழமை பத்துப் பேர் வந்தார்கள், மூன்றாம் கிழமை நாலு பேர். பிறகு என் உம்மா ஸகியாவும் நானும்தான். உம்மா சாச்சியின் மூத்த சகோதரி, எங்கள் வீடு அடுத்த தெருவில். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த நேரம். சும்மா இருக்கிறவள் போய்ச் சாச்சிக்குத் துணையாக இரு என்று உம்மா தினமும் காலையில் என்னை அனுப்பிவிடுவார்.

போய் என்ன செய்வது? சாச்சி கதைப்பதில்லை. வெள்ளைச் சேலையோடு உள்ளறைக் கட்டிலில் இருப்பார். கட்டிலில் மெத்தை இல்லை, அதைச் சாச்சாவின் உடுப்புகளோடு சேர்த்து யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மத்தியானம் லுஹர் தொழுத பின் எழுந்து அடுப்படிக்குப் போவார். சூடையை அவிப்பார். முள்ளெடுப்பார். ஒரு தட்டு நிறைய மீனை முள்ளெடுத்து முடித்து, அதைக் கையில் ஏந்திக்கொண்டு சாச்சா கிடந்த உள்ளறை வாசல் வரை வந்து, அங்கே நிற்பார்.

பிறகு என்னிடம் நீட்டுவார். பதினேழு வயதில் முள்ளெடுத்த மீனைத் தின்ன எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தின்றேன். எடுத்த முள்ளையெல்லாம் சாச்சி ஒரு சிரட்டையில் சேர்த்து, பக்கத்து வளவுக் கோழிகளுக்கு மதிலுக்கு மேலால் கொட்டுவார். அந்தக் கோழிகள் நல்ல தடித்த கோதுடன் முட்டையிட்டன.

மீன் கொண்டு வருகிறவர் பாண்டிருப்புச் செல்லத்தங்கம். தலையில் கூடை வைத்து வீடு வீடாக விற்கிறவர். இத்தா வீட்டுக்கு மீன்காரர்கள் வரமுடியாது, மீன்காரி வரலாம். அவருடைய கணவர் குணம் கரைவலைக்காரர். தெற்கே, மழைக்காலத்தில் மட்டும் கடலுக்கு வாய் திறக்கும் ஆற்றின் மண்திட்டுப் பக்கம் அவர்களுடைய வலை விழும்.

ஜூன் முதல் கிழமையில் ஒரு நாள் செல்லத்தங்கம் கூடையை இறக்கி, மேலே கிடந்த ஈரச் சாக்கை விலக்கினார். சூடைக்கு நடுவில் ஒரு சிரட்டை. சிரட்டைக்குள் மணல் நிறத்தில், கறுப்புப் புள்ளி போட்ட இரண்டு பஞ்சுப் பொட்டணங்கள். வாய் மட்டும்தான் பெரிது.

"என்னகா இது? கோழிக்குஞ்சா?" என்றார் சாச்சி. அந்தக் கிழமையில் நான் கேட்ட அவருடைய முதல் முழு வசனம் அது.

"ஆலாக் குஞ்சு தங்கச்சி. வல இழுக்கக்குள்ள தலைக்கு மேல நிண்டு கத்துமே வெள்ளக் குருவி, அதுட குஞ்சு. மண்ணில வெறுந்தரையிலதான் முட்டையிடும். இவர் ஆக்கள் வலக் கயித்த திட்டுக்கு மேலால இழுத்திரிக்காங்க. கூடெல்லாம் தேய்ஞ்சி போயித்து. தாயும் தகப்பனும் பறந்து போனதுகள் திரும்பி வரல்ல. இது ரெண்டும் கயித்துக்குப் பக்கத்தில கிடந்ததாம். மனிசனுக்கு ராவுச் சோறு இறங்கல்ல."

"என்னத்துக்கு எனக்கிட்ட கொண்டு வந்த?"

"எங்குட வீட்டில மூணு பூன. உங்களுக்கிட்ட ஆள் இல்லாத வீடு."

சொன்ன பிறகுதான் செல்லத்தங்கத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார். சாச்சி அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. சிரட்டையைக் கையில் எடுத்தார். இரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன.

அன்று லுஹருக்குப் பிறகு அவித்த மீன் என்னிடம் வரவில்லை.

வழக்கத்தைவிடக் கவனமாகச் செய்தார். சூடையை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோலை உரித்து, தலையை எறிந்து, முள்ளெடுத்து, ஒரு முறை தடவிப் பார்த்து, இரண்டாம் முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு விரலால் மசித்து, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து உருண்டையாக்கி ஊட்டினார். கடல் கொந்தளித்து மீன் வராத நாட்களில் சோறும் பாணும் மட்டும். குஞ்சுகள் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைக்கு மேல் நிழல் விழுந்தாலே வாய் திறக்கும். வாயின் உட்புறம் செம்பருத்திப் பூவைப் போல இருக்கும்.

நன்றாகப் பருத்தன. பஞ்சு கொட்டி இறகு முளைத்தது. கொஞ்சம் பெரியதை மூத்தவன் என்றும் மற்றதைச் சின்னவன் என்றும் சொன்னார். சாச்சி கதைக்கத் தொடங்கியிருந்தார். அவற்றோடுதான். "மெதுவாத் தின்னு மனே, ஆரும் பறிக்க வரல்ல." "இஞ்ச பாரு, உண்ட காக்கா மூத்தவன் தின்னுறான், நீ என்ன பராக்குப் பாக்கிற?" நான் அடுப்படி வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு ஏதோ பயமாக இருந்தது. என்ன பயம் என்று கேட்டால் அப்போது சொல்லியிருக்கமாட்டேன்.

ஒரு நாள் சாச்சி என்னிடம் சொன்னார்: "இத்தா முடிஞ்ச அண்டு விடிய வெள்ளாப்பில கடக்கரைக்குப் போவன். ரெண்டையும் பறக்க உட்டுட்டுத்தான் மத்த வேல."

"அதுக்குள்ள பறந்திருமே சாச்சி?"

"பறந்தா முத்தத்தில நிக்கட்டும். நான் வாறவரைக்கும் நிக்காதா?"

உம்மாவிடம் இதைச் சொன்னபோது உம்மா சிரிக்கவில்லை. "அவள் நாள் எண்ணிற. எண்ணட்டும்" என்றார்.

செல்லத்தங்கத்திடம் சாச்சி குஞ்சுகளைப் பெருமையோடு காட்டினார். செல்லத்தங்கம் தட்டைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார்.

"முள்ளெடுத்தா குடுக்கிறீங்க? இவர் முழு மீன் குடுக்கச் சொல்லித்தான் சொன்னவர். நெத்தலிக் குஞ்சுபோல சின்னது. நான் சொல்ல மறந்திட்டன்."

சாச்சி எழுந்து உள்ளே போனார். தீப்பெட்டியைக் கொண்டு வந்து திறந்து, செல்லத்தங்கத்தின் கண்ணுக்கு முன்னால் நீட்டினார்.

"இது அரை விரல் நீளமும் இல்ல. ஒரு ஆம்புளய நீலமாக்கிப் போட்டுது. இந்தச் சின்னத் தொண்டைக்கு எவ்வளவு முள்ளுக் காணும் எண்டு நினைக்கிறீங்க?"

செல்லத்தங்கம் கூடையைத் தலையில் தூக்கினார். 

மூன்று கிழமை முடிந்தபோது இரண்டும் நிற்கவேண்டிய காலம். நேராக நிற்கவில்லை. மூத்தவனின் கால்கள் இரண்டு பக்கமும் விலகி, வயிற்றால் தரையில் தவழ்ந்தது. இறக்கைகள் மடிந்து முதுகில் பொருந்தாமல், நனைந்த துணியைப் போல இரண்டு பக்கமும் தொங்கின. சின்னவன் நின்றது, ஆனால் முழங்கால் வளைந்து வில் போல. வயிறு நிறைந்திருந்தது, இறகு பளபளத்தது, சதை பிடித்திருந்தது. அதுதான் எங்களை ஏமாற்றியது. பட்டினி கிடந்த உயிர் மெலிந்திருக்கும் என்றுதான் நாங்கள் அறிந்திருந்தோம்.

"கண்ணூறு" என்றார் உம்மா. பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதிக்கொண்டு வந்தோம். சாச்சி அதைப் பஞ்சில் நனைத்துக் கால்களில் தடவினார். நல்லெண்ணெய் தடவி நீவினார். சாச்சாவின் செத்த பக்கத்தை நீவிய அதே கை, அதே நீவல். இன்னும் அதிகமாகத் தின்னக் கொடுத்தார். மீனை மும்முறை தடவிப் பார்த்தார்.

ஜூன் கடைசியில் ஒரு பகல், மூத்தவனைக் கழுவ வேண்டும் என்று இறக்கைக்குக் கீழே கையை விட்டுத் தூக்கினார். நான் கிணற்றடியில் நின்றேன். எனக்கும் கேட்டது. பச்சை ஈர்க்கை முறிக்கும் சத்தம். பெரிய சத்தமில்லை. மூத்தவன் கத்தவும் இல்லை. சாச்சி அப்படியே குந்திவிட்டார்.

"நான் இறுக்கிப் பிடிக்கயில்ல" என்றார். "நான் பிடிக்கவேயில்ல புள்ள. சும்மா தூக்கின."

இறக்கை அவர் கையில் மடிந்து கிடந்தது.

மறுநாள் செல்லத்தங்கம் வந்து பார்த்துவிட்டு, மீன் விற்காமலே திரும்பிப் போனார். அன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு வீதிப் பக்கக் கிடுகு வேலிக்கு வெளியே ஆண் செருமல் ஒன்று கேட்டது. குணம் வந்திருந்தார். வேலிக்கு முதுகைக் காட்டி, வீதியைப் பார்த்தபடி நின்றார். செல்லத்தங்கம் உள்ளே வந்து சாச்சிக்குப் பக்கத்தில் இருந்தார்.

உம்மா துள்ளினார். "இத்தா இரிக்கிற ஊட்டு வேலியில ஆம்புள வந்து நிக்கிறயா? தெருவில போற சனம் என்ன கதைக்கும்?"

"ராத்தா, நான் திரும்பித்தான் நிக்கிறன்" என்றது வேலி. "தங்கச்சிட சத்தம் எனக்குக் கேக்கப்படாது, அதுவும் தெரியும். நான் கதைக்கிறன், அவ கேக்கட்டும். ஏதும் சொல்லுறதெண்டா எங்கட ஆள் சொல்லட்டும். செல்லத்தங்கம், என்ன தின்னக் குடுத்த எண்டு கேளு."

சாச்சி முக்காட்டை இழுத்துக்கொண்டு, செல்லத்தங்கத்தின் காதில் மெல்லச் சொன்னார். செல்லத்தங்கம் கரையில் நின்று தோணியைக் கூப்பிடுகிறவரைப் போலக் கத்தினார்:

"சூட மீனாம்! முள்ளெடுத்தாம்! மஞ்சள் போட்டாம்! அவிச்சாம்! சோறும் போட்டுப் பிசைஞ்சாம்!"

"உப்புப் பாத்தவவா?"

"வாயக் கழுவுங்க நீங்க! அழுதுகொண்டிருக்கிற மனிசிக்கிட்ட பகிடி விடுறீங்க!"

"நான் பகிடி விடல்ல, எனக்கு ஒரு நாளும் இப்பிடி ஆக்கித் தந்ததில்ல நீ. அதால கேட்டன்."

உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. மே மாதத்துக்குப் பிறகு அந்த வளவில் கேட்ட முதல் சிரிப்பு. சாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மூத்தவன் அவர் மடியில் கிடந்தது.

குணத்தின் குரல் இறங்கியது. "தங்கச்சி, தாய்க் குருவி கொண்டு வாறத நான் சின்ன வயசில இருந்து பாக்கிறன். உசிர் மீன். தலையோட, செதிளோட, முள்ளோட. குஞ்சு தலையத்தான் முன்னுக்கு விழுங்கும். வால் கொஞ்ச நேரம் வாயில தொங்கிக்கொண்டு நிக்கும். பாக்கிற எங்களுக்குத்தான் மூச்சு முட்டும், அதுக்கு முட்டாது. முள்ளுச் சிக்கிச் செத்த குஞ்சு நான் கண்டதில்ல."

கிடுகு இடுக்கால் ஒரு கை உள்ளே வந்தது. உள்ளங்கையில் காய்ந்த இறக்கை எலும்பு ஒன்று. "இது திட்டில நாய் கடிச்சிச் செத்த குஞ்சு ஒண்டுட. உங்கட மூத்தவன்ட வயசுதான் இரிக்கும். வளைச்சிப் பாருங்க."

செல்லத்தங்கம் வாங்கிச் சாச்சியிடம் கொடுத்தார். சாச்சி வளைத்தார். வளையவில்லை. இன்னும் அழுத்தினார். வளையவில்லை.

"முள்ளுத்தான் தங்கச்சி அதுட எலும்பு" என்றார் குணம். "நீங்க முள்ளக் கழட்டி எறிஞ்சா, அது எங்க போய் எலும்பு எடுக்கிற?"

 பக்கத்து வளவில் கோழி ஒன்று முட்டையிட்டுவிட்டுக் கத்தியது. சாச்சி அந்த மதிலைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். செல்லத்தங்கத்தின் காதில் சொல்லவில்லை. நேராக வேலியைப் பார்த்துக் கேட்டுவிட்டார்:

"இப்ப குடுத்தா நிமிருமா அண்ணன்?"

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செல்லத்தங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.  குணம், கேட்காததைப் போலவும் பதில் சொல்ல வேண்டும், பொய்யும் சொல்லக்கூடாது.

"செல்லத்தங்கம்," என்றார் கடைசியில், "தங்கச்சி கேட்டா சொல்லு. மூத்ததுக்கு ஏலா. சின்னதுக்கு... தெரியா. நாளையில இருந்து நெத்தலிக் குஞ்சு தனியா எடுத்து அனுப்புறன்." செருப்புச் சத்தம் போய்விட்டது.

பல வருடம் கழித்து, தூர தேசத்து நூலகம் ஒன்றில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது அதே கதையைப் படித்தேன். வேகமாக வளரும் கடற்பறவைக் குஞ்சுக்கு முள்ளும் தலையும் நீக்கிய சதையை மட்டும் கொடுத்தால் உடம்பு பருக்கும். எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்து இருக்காது. உடம்புக்குத் தேவையானதை அது தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். எலும்பு மெழுகாகும். இவ்வளவுக்கு அந்தப் புத்தகத்துக்கு நாலு பக்கம் தேவைப்பட்டிருந்தது. குணம் வேலிக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு வசனத்தில் சொன்னார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சாச்சிக்கு இதைக் கடிதத்தில் எழுதுவதா என்று ஒரு மாதம் யோசித்தேன். எழுதவில்லை.

மூத்தவன் இரண்டு நாளில் செத்தது. சாச்சி கிணற்றடிக்கு அப்பால் புதைத்தார்.

அன்று மத்தியானம் செல்லத்தங்கம் கொண்டு வந்த நெத்தலிக் குஞ்சுகள் ஒரு கிண்ணத்தில் கிடந்தன, சுண்டு விரலின் பாதி நீளம். சாச்சி அலுமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு நெத்தலியை எடுத்தார். விரல் தன் பாட்டில் அதன் முதுகைக் கீறப் போனது. மற்றக் கையால் அந்த விரலைப் பிடித்தார். பிறகு, "பிஸ்மில்லாஹ்" சொல்லி, தலையை முன்னுக்கு வைத்து நீட்டினார்.

சின்னவன் வாங்கியது. வால் வாய்க்கு வெளியே தொங்கியது. சாச்சி இரண்டு விரல்களையும் தயாராக நீட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இருந்தார். நானும் அடக்கினேன். வால் உள்ளே போனது. சின்னவன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, மறுபடி வாயைத் திறந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சாச்சி. அடுத்த நெத்தலியை எடுத்தார்.

ஜூலை நடுவில் நோன்பு தொடங்கியது. கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதம். சாச்சி நோன்போடு இருந்து, ஒரு நாளைக்கு எட்டு முறை சின்னவனுக்கு முழு மீன் கொடுத்தார். நடுமுற்றத்து வெயிலில் அதை விட்டு, தான் நிழலில் இருந்து காவல் பார்த்தார். சின்னவனின் கால் உறுதியானது. ஓடியது. மூக்கால் கொத்தினால் எனக்கு வலித்தது. பெருநாளன்று ஊரெல்லாம் புது உடுப்பு. சாச்சிக்கு இல்லை. நாங்கள் போனபோது அவர் அதே வெள்ளைச் சேலையோடு முற்றத்தில் குந்தியிருந்து, சின்னவனின் இடது இறக்கையை மெல்ல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறுகியித்து" என்று உம்மாவிடம் சொன்னார். "தொட்டுப் பாருங்க. ஈர்க்குப்போல இருந்தது, இப்ப கம்பி."

உம்மா தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டேன். எலும்பு இறுகியிருந்தது உண்மைதான். வளைந்தபடியே இறுகியிருந்தது. வலது இறக்கை நேராக விரிந்தது. இடது இறக்கை நடுவில் உள்நோக்கி முறுகி, உள்ளங்கையைப் போலக் குவிந்து நின்றது. நாங்கள் மூவரும் அதைக் கண்டோம். சாச்சி இறக்கையை மெல்ல மடித்து வைத்தார்.

அடுத்த மாதம் செல்லத்தங்கம் வந்து, திட்டில் ஒரு ஆலாவும் இல்லை, எல்லாம் குஞ்சுகளோடு எழும்பிப் போய்விட்டன என்று சொன்னார். சாச்சி நாட்களை விரலில் மறுபடியும் எண்ணினார்.

செப்டம்பரில் இத்தா முடிந்தது. சாச்சி குளித்து, வேறு சேலை உடுத்து, விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சின்னவனைப் புல்லால் இழைத்த ஒரு பன்பெட்டியில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலு மாதம் தெரு வெயில் காணாத முகம் வெளிறிக் கிடந்தது. பின்னால் உம்மாவும் செல்லத்தங்கமும் நானும். இத்தா முடிந்த பெண் முதலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவாள். கடற்கரைக்குப் போனவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

கடலில் அலை குறைவு. தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சாச்சி ஈர மணலில் பெட்டியைச் சரித்தார். சின்னவன் இறங்கி, தண்ணீரைக் கண்டு நின்றது. சிரட்டையில் வந்ததிலிருந்து அது கடலைப் பார்த்ததில்லை. பிறகு காற்றுக்கு எதிராக ஓடியது. இறக்கையை விரித்தது. காற்று வலது பக்கத்தைத் தூக்கியது. இடது பக்கத்தில் காற்றுக்குப் பிடியில்லை. ஒரு முழ உயரத்தில் சுழன்று, தலைகீழாக மணலில் விழுந்தது.

எழும்பியது. மறுபடி ஓடியது. விழுந்தது.

ஆறு தடவை. நான் எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. ஆறாம் தடவை அலை வந்து அதை உருட்டியது. சாச்சி சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி எடுத்தார்.

"உட்டுட்டு வாகா" என்றார் உம்மா, அழுதுகொண்டு. "கடலுக்குரிய சாமான். கடல் பாத்துக்கொள்ளும்."

"கடல் சரியாத்தான் செஞ்சிரிக்கும்" என்றார் சாச்சி. "நான்தான் முள்ளெடுத்த." ஈரப் பறவையை முந்தானையில் சுற்றினார். "இதுக்குப் பறக்க ஏலாது. ஆனா தின்ன ஏலும். என்னோட வரட்டும்."

செல்லத்தங்கம் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். சாச்சி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அக்கா, நாளையில இருந்து நெத்தலி நீங்க கொண்டு வரத் தேவல்ல. நானே வாறன்."

அப்படித்தான் வந்தார். இத்தா முடிந்த பெண்கள் பலர் அதே உள்ளறையிலேயே மிச்சக் காலத்தையும் கழிப்பதை நான் கண்டிருக்கிறேன். சாச்சி அதன்பின் மூன்று வருடம் தினமும் காலையில், முக்காட்டோடும் ஒரு சிறிய பெட்டியோடும் கரைவலையடிக்குப் போனார். வலையிலிருந்து கொட்டும் பொடி மீனைப் பொறுக்கிக்கொண்டு, குணத்தோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல், செல்லத்தங்கத்தோடு ஒரு மணி நேரம் கதைத்துவிட்டு வருவார். ஊர் கதைத்தது. பிறகு ஓய்ந்தது.

ஆனால் வீட்டில் அவரும் அந்தப் பறவையும்தான். ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் ஆலாக்கள் திரும்பி வந்து ஊருக்கு மேலால் கத்திக்கொண்டு போகும்போது, முற்றத்தில் நின்ற சின்னவன் கழுத்தை நீட்டி மறுமொழி கொடுக்கும். ஒரே ஒரு இறக்கையை விரிக்கும். சாச்சி கைவேலையை வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் போய் இருப்பார். வானத்தைப் பார்க்கமாட்டார். சத்தம் போய் முடியும்வரை இருப்பார்.

எண்பத்துமூன்று முடியும் தறுவாயில், வாடைக் காற்றும் மழையுமாக இருந்த ஒரு கிழமையில் அது செத்தது. நான் போனபோது அதை மீன் தட்டில், ஒரு வெள்ளைத் துணியின் மேல் கிடத்தியிருந்தார். இடது இறக்கையை விரித்து நேராக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை வேறெங்கோ இருந்தது. விரல் நுனி எலும்பின் மேல் தோள் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்தது. வளைவில் விரல் நின்றது.

"நல்ல வைரம் புள்ள" என்றார். "இப்ப முறிக்கவும் ஏலாது."

மூத்தவனுக்குப் பக்கத்தில் புதைத்தோம். மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வேலை, வெளிநாடு என்று எனக்கு அப்போது நூறு யோசனை. ஆனாலும் சாச்சி தனியாக இருப்பாரே என்று போனேன். கதவு பூட்டியிருந்தது. சற்று நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து பெட்டியோடு வந்தார். பெட்டியில் நெத்தலி.

"ஆருக்குச் சாச்சி?"

அவர் பெட்டியோடு அடுப்படிக்குப் போனார். அடுப்பை மூட்டி, நெத்தலியைத் தலையோடு, முள்ளோடு பொரித்தார். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அடுப்படியிலேயே குந்தியிருந்து, ஒவ்வொன்றாக எடுத்து, மெல்ல மெல்ல மென்று தின்றார். தட்டில் ஒரு முள் மிஞ்சவில்லை.